தராசில் வைத்த பொட்டு

ஜெகதீசன் பயந்த சுபாவம் உள்ளவர். அதனால்தான் வெடிமருந்தை அவரை நம்பிக் கொடுத்தார்கள்.

வேப்பம்பட்டு ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில் அவருடைய வீடு. மொட்டைமாடியில் ஒற்றை அறை. மற்றவர்கள் அப்படிப்பட்ட அறையில் பழைய சைக்கிளையும் உடைந்த ஃபேனையும் போட்டு வைப்பார்கள். ஜெகதீசன் அங்கே துப்பாக்கி கிளப்புக்குத் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார். அதற்கான அனுமதி கிளப்பின் பேரில் இருந்தது. போலீஸ்காரர்கள் வந்து அறையைப் பார்த்து, பூட்டைப் பார்த்து, மணல் வாளியைப் பார்த்து, கடைசியில் ஜெகதீசனின் முகத்தைப் பார்த்து, "இவர் தப்பு செய்யற ஆள் இல்லை" என்று முடிவுகட்டி விட்டுப் போயிருந்தார்கள்.

குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளை அவர். ஐ.டி.ஐ. முடித்து ஆவடி தொழிற்சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் அளவுக் கருவிகள் அறையிலேயே இருந்துவிட்டார். மற்ற பிரிவுகளில் பொருளை அளப்பார்கள். அந்த அறையில் அளக்கிற கருவியையே அளப்பார்கள். ஒரு கருவி பொய் சொன்னால் தொழிற்சாலை முழுக்கப் பொய் சொல்லும் என்பது அங்கே முதல் நாளே காதில் ஓதப்படும் மந்திரம். மற்றவர்கள் அதை மாலைச் சங்கு ஊதியதும் மறந்துவிடுவார்கள். ஜெகதீசன் வீட்டுக்கு எடுத்து வந்தார். கேஸ் அடுப்பின் குமிழை மூடிவிட்டுப் படுத்தவர் மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "பூட்டுக்கே உங்க மேல சலிப்பு வந்துடுச்சு" என்பாள் நாகவல்லி.

தோட்டா நிரப்புவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சுட்ட பிறகு பித்தளைக் கூடு மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப் பொருத்தி, உள்ளே மருந்தைக் கொட்டி, வாயில் குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் தோட்டா. கஷ்டமெல்லாம் மருந்தின் எடையில்தான். ஒவ்வொரு கூட்டிலும் ஒரே எடை விழ வேண்டும். கொஞ்சம் குறைந்தால் குண்டு இலக்கில் கீழே இறங்கும். சுடுகிறவர் திட்டுவார், அவ்வளவுதான். கூடினால் விஷயம் வேறு. ரைஃபிளில் தோட்டா வெடிக்கிற அறை சுடுகிறவரின் கன்னத்துக்கு நான்கு விரல் தள்ளித்தான் இருக்கிறது. அந்த நான்கு விரல் இடைவெளியை நினைத்துக்கொண்டேதான் ஜெகதீசன் ஒவ்வொரு தடவையும் தராசின் முன் உட்காருவார்.

அவருடைய தராசு மின்சாரத்தில் ஓடுவது அல்ல. சிறிய தட்டும், கோலும், கோலின் மேல் நகரும் எடையும் கொண்ட பழைய மாதிரி. எலெக்ட்ரானிக் தராசு வாங்கித் தருவதாக கிளப்பில் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது அது என்ன நினைத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? இவருடைய தராசில் காற்று பட்டால்கூடக் கோல் ஆடும். ஆகவே வேலை நேரத்தில் ஜன்னல் சாத்தியிருக்கும், ஃபேன் ஓடாது. தொடங்கும் முன் வெறும் தட்டை வைத்து, கோல் பூஜ்ஜியத்தில் நிற்கும்படி அடித்திருகைச் சரிசெய்வார். பிறகு எடையை வேண்டிய இடத்துக்கு நகர்த்துவார். நகர்த்திய பின் வேலை முடியும் வரை அதைத் தொடமாட்டார். தொட்டால் திரும்ப அதே இடத்தில் உட்காருமா என்ற சந்தேகம். அதற்குப் பதிலாக, நிரப்ப வேண்டிய மருந்தின் எடைக்குச் சரியாக அரத்தில் தேய்த்து எடுத்த ஒரு பித்தளைத் துண்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் தட்டில் அந்தத் துண்டை வைப்பார். கோல் நேராக நின்றால் தராசு உண்மை பேசுகிறது என்று அர்த்தம்.

இவர் நிரப்பும் தோட்டாக்களை அதிகம் சுடுகிறவர் முகமது இஸ்மாயில். தொழிற்சாலையில் பக்கத்துப் பிரிவு, இப்போது பட்டாபிராமில் மகள் சபீனாவோடு இருக்கிறார். இடது கைக்காரர். மூத்தோர் பிரிவில் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு மெடல் வாங்காமல் விடமாட்டார். ஜெகதீசனுக்குச் சுடவே வராது. விசையில் விரலை வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். "இவன் கண்ண மூடினு சுடுவான், நான் கண்ண மூடினு இவன் தோட்டாவ சுடுவேன்" என்று இஸ்மாயில் கிளப்பில் எல்லோரிடமும் சொல்லுவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் இருந்தபோது இயந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டுப் பொரிகடலை கொடுத்த பழக்கம் ஜெகதீசனை விடவில்லை. ஸ்கூட்டர், அரிவாள்மனை, கிரைண்டர் எல்லாவற்றோடும் தராசும் தோட்டா அழுத்தும் கருவியும் மாடியிலிருந்து இறங்கி சாமி முன் வந்து உட்கார்ந்தன. பித்தளைத் துண்டு மட்டும் சின்னதாக இருக்கிறதே, தொலைந்துவிடும் என்று நாகவல்லி அதைச் சரஸ்வதி படத்தின் முன் புத்தகங்களோடு வைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூஜை. நாகவல்லி புதிதாகச் சந்தனம் குழைத்து, மேலே குங்குமம் தொட்டு, எல்லாவற்றுக்கும் மறுபடி பொட்டு வைத்தாள். தராசுத் தட்டின் வெளிப்புறத்தில் மூன்று பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்கு அப்பினாள்.

"கொஞ்சமா வையேன்" என்றார் ஜெகதீசன்.

"சாமிக்கு வைக்கிறதுல கூடவா எடை பார்ப்பீங்க?"

விஜயதசமி அன்று தொட்ட வேலை துலங்கும். ஞாயிற்றுக்கிழமை போட்டி, இஸ்மாயிலுக்கு ஒரு பெட்டி தோட்டா தர வேண்டியிருந்தது. அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்று ஜெகதீசன் தராசை மேலே தூக்கிப் போனார். தட்டிலிருந்த பொட்டைத் துடைக்கத் துணியை எடுத்தவரை மாடிப்படியில் துணி காயப்போட வந்த நாகவல்லி பார்த்துவிட்டாள்.

"நாளும் கிழமையுமா வெச்ச பொட்ட அன்னிக்கே அழிப்பாங்களா? மூணு நாள் போகட்டும்."

ஜெகதீசன் யோசித்தார். பொட்டும் தட்டின் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் போயிற்று. பொட்டோடு சேர்த்தே தட்டை வைத்துப் பூஜ்ஜியம் சரிசெய்துவிட்டால், பொட்டின் எடை கணக்கில் வராது. அளவுக் கருவிகள் அறையில் யாரைக் கேட்டாலும் இது சரி என்றுதான் சொல்லுவார்கள். திருகைத் திருகினார். கோல் பூஜ்ஜியத்தில் நின்றது. சாமியையும் மனைவியையும் தராசையும் ஒரே திருகில் திருப்திப்படுத்திவிட்டோம் என்று அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

பித்தளைத் துண்டை எடுக்கக் கீழே போனார். சரஸ்வதியின் முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கு மலையேறட்டும், அப்புறம் எடுங்க. அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்றாள் நாகவல்லி.

விளக்கில் எண்ணெய் நிறைய இருந்தது. ஜெகதீசன் திரும்பி மாடிக்குப் போனார். பூஜ்ஜியம்தான் பார்த்தாயிற்றே என்று நினைத்துக்கொண்டார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவர் அன்றைக்கு ஒரே தடவையோடு விட்டார்.

ஜன்னல் சாத்திய அறையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து ஒவ்வொரு கூடாக நிரப்பினார். குண்டை அழுத்தும் முன் எல்லாக் கூடுகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். மருந்தின் மட்டம் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தது. பிறகு நிரப்பிய வரிசையிலேயே பெட்டியில் அடுக்கி, தராசை அதன் உறையில் போட்டு மூடினார். சனிக்கிழமை இஸ்மாயில் வந்து டீ குடித்துவிட்டுப் பெட்டியை வாங்கிப் போனார்.

ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும் ஜெகதீசனுக்குப் பொட்டு ஞாபகம் வந்தது. மூன்று நாள் ஆகிவிட்டது, இனித் துடைக்கலாம். ஈரத்துணியோடு மாடிக்குப் போய் உறையை எடுத்தார்.

தட்டில் பொட்டு இல்லை. மூன்று இடத்திலும் வெளிறிய வட்டம் மட்டும் இருந்தது. மேஜை விரிப்பின் மேல், தராசு நின்ற இடத்தைச் சுற்றி, மஞ்சளும் சிவப்புமாக வறண்ட செதில்கள் உதிர்ந்து கிடந்தன. உறைக்குள் ஒன்றிரண்டு. அவ்வளவுதான்.

ஜெகதீசன் செதிலொன்றை விரலால் தொட்டார். தூளாகிவிட்டது. பூஜ்ஜியம் பார்த்தபோது அது ஈரச் சந்தனம். அறையின் வெக்கையில் காயக் காயத் தட்டு இலேசாகிக்கொண்டே போயிருக்கிறது. தட்டு இலேசானால் கோல் எழும்புவதற்கு அந்தக் குறையை வேறொன்று ஈடுகட்ட வேண்டும். அங்கே வேறு என்ன இருந்தது? மருந்துதான்.

கீழே ஓடிவந்து பித்தளைத் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். மூச்சு வாங்கியது. நகர்த்தாமல் விட்டிருந்த எடை அதே இடத்தில் இருந்தது. தட்டில் துண்டை வைத்தார். கோல் எழவே இல்லை. விரலால் மெல்லத் தட்டினார். அப்போதும் எழவில்லை.

ஒவ்வொரு தோட்டாவும் முந்தினதைவிட ஒரு துளி கூடுதல். பக்கத்துக் கூட்டோடு ஒப்பிட்டுத்தான் டார்ச் அடித்தார். பக்கத்துக் கூட்டிலும் ஏறக்குறைய அதே தப்பு. அதனால்தான் மட்டம் ஒத்திருந்தது.

இஸ்மாயிலுக்கு ஃபோன் போட்டார். அடித்தது. சபீனா எடுத்தாள்.

"அத்தா ஃபோன ஊட்லயே சார்ஜ்ல போட்டுட்டுப் போய்ட்டாரு மாமா. கேட்டா, அங்க போனா எப்பிடியும் வாங்கி வெச்சுக்குவாங்க, இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. ஏன் மாமா, குரல் ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணும் இல்லம்மா. கிளப் நம்பருக்கு நீயும் அடிச்சிகினே இரு. யாராச்சும் எடுத்தா, பாய் சுடக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

"சுடக் கூடாதா? இன்னா மாமா ஆச்சு?"

அவர் வைத்துவிட்டார். கிளப் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. போட்டி நாளில் ஆபீசில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தபோது நாகவல்லி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நைட்டியின் மேல் துண்டைப் போர்த்தியிருந்தாள்.

"நீ எங்க?"

"நீங்க இருக்கிற நிலையில வண்டிய எங்க கொண்டுபோய் உடுவீங்களோ. எடுங்க."

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் பெட்டி பெட்டியாக நகர்ந்துகொண்டிருந்தது. முடியும் என்று நினைத்தபோது இன்னும் நீண்டது. ஜெகதீசன் ஹாரனில் கட்டைவிரலை வைத்து எடுக்கவே இல்லை.

பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "பெரியவரே, நீ ஆரன் அடிச்சா ரயிலு ஓரமா போயிடுமா? இன்னா, பொண்ணு பார்க்கப் போறியா?"

"பொண்டாட்டிய நைட்டியோட இட்டுகினு எவன்யா பொண்ணு பார்க்கப் போவான்?" என்றாள் நாகவல்லி. ஆட்டோக்காரர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவள் தலையைக் குனிந்து ஜெகதீசனின் காதருகே மெதுவாகக் கேட்டாள்:

"நான் வெச்ச சந்தனமா?"

அவர் ஹாரனிலிருந்து விரலை எடுத்தார்.

"சொல்லுங்க."

"காஞ்சி போச்சு."

"சந்தனம் காயாம இன்னா பண்ணும்?"

"காஞ்சா எடை கொறையும். தட்டு கொறைஞ்சா மருந்து கூடும்."

ரயிலின் இரைச்சலுக்கு மேல் அவள் குரலை உயர்த்தினாள். "நீங்க தொடச்சிருக்கலாம்ல?"

"நீதான் அன்னிக்கே தொடைக்கக் கூடாதுன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன். மத்த நாள்ல எத்த கேட்டுகினு இருந்தீங்க?" அவள் அவருடைய தோளைப் பிடித்தாள். "பாய்க்கு ஒண்ணும் ஆவாது இல்ல?"

அதற்குத்தான் ஜெகதீசனும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் ஆரம்பத் தோட்டாக்கள் சரியாகத்தான் இருக்கும். சந்தனம் அப்போது ஈரம். போகப் போகத்தான் கூடியிருக்கும். இஸ்மாயில் முதல் வரிசையிலிருந்து எடுத்தால், ஆபத்தான இடத்துக்கு வர நேரம் பிடிக்கும். அதற்குள் போய்விடலாம்.

கேட் திறந்தது. வண்டிகள் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஊர்ந்தன. நடு தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது அவருக்கு இஸ்மாயிலின் கை ஞாபகம் வந்தது.

இடது கைக்காரர். பெட்டியை இடப்பக்கம்தான் வைத்துக்கொள்வார். மூடியைத் தன்னைப் பார்க்கத் திறந்து, தனக்குக் கிட்டத்தில் இருக்கும் கடைசி வரிசையிலிருந்துதான் எடுப்பார். இத்தனை வருஷமாக அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

அதன் பிறகு ஜெகதீசன் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. திருநின்றவூர் கடைத்தெருவில் பூக்காரி கத்தினது, நேமம் போகிற ரோட்டில் தண்ணி லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது, நாகவல்லி அவருடைய சட்டையை இடுப்பில் பிடித்து முறுக்கியது எல்லாம் பிற்பாடு துண்டு துண்டாகத்தான் ஞாபகம் வந்தன. பள்ளம் வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கித் தள்ளுகிற மனிதர் அன்று ஒரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைக்கவில்லை.

கிளப், குத்தம்பாக்கத்தைத் தாண்டி ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறியிருந்தால் சுடுகிறார்கள் என்று பொருள். தூரத்திலேயே சத்தம் கேட்டது. ஜெகதீசன் வண்டியை நிறுத்தாமல் காதைத் தீட்டினார். பட், பட் என்று மந்தமான வெடிகள். நடுவே ஒன்று மட்டும் சாட்டையைச் சொடுக்கின மாதிரி கூர்மையாக. மருந்து கூடின தோட்டா அப்படித்தான் ஒலிக்கும்.

வாசலில் காவலாளி கஜபதி கையை நீட்டி மறித்தார். "ஃபோன் வெச்சிட்டு, கையெழுத்து போட்டுட்டுப் போங்க சார்."

ஜெகதீசன் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஸ்கூட்டர் நாகவல்லியோடு சேர்ந்து சாய்ந்து விழுந்தது. நாகவல்லி எழுந்து, தன் ஃபோனை கஜபதியின் கையில் திணித்து, "இந்தா, என் உயிரையும் வெச்சுக்கோ, உடுயா அவர" என்றாள்.

சுடுகிற கொட்டகையில் வரிசையாகப் பாய் விரித்து ஆட்கள் குப்புறப் படுத்திருந்தார்கள். எல்லோர் காதிலும் அடைப்பு. பின்னால் நடுவர் பக்தவத்சலம் ஒலிபெருக்கியோடு உலாவிக்கொண்டிருந்தார். ராணுவத்தில் இருந்தவர், அவருடைய மைதானத்தில் ஈகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் பறக்கும். கயிற்றுக்கு அப்பால் யாரும் வரக் கூடாது. ஆனால் ஒரு விதி உண்டு. ஆபத்து என்று கண்டால் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லிக் கத்தலாம். கத்தினவர் யார், எவர் என்று பார்க்காமல் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். பிறகுதான் காரணம் கேட்பார்கள். காரணம் சரியில்லை என்றால் கத்தினவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

ஜெகதீசன் கயிற்றைத் தாண்டினார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

அவருக்கே தெரியாத ஒரு குரல் அது. பக்தவத்சலம் திரும்பிப் பார்த்தார், உடனே ஒலிபெருக்கியை வாயில் வைத்து நிறுத்தச் சொன்னார். வெடிச்சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் ஒரு ஓசை மட்டும் கேட்டது. தட், தட் என்று உள்ளங்கையால் இரும்பை அடிக்கிற ஓசை. ஓரத்துப் பாயில் இஸ்மாயில், தோட்டா அறையை மூடும் ரைஃபிள் போல்ட் திறக்க மறுக்க, அதைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த தோட்டா ஏற்கெனவே அவருடைய விரல்களுக்கிடையில் இருந்தது.

ஜெகதீசன் போய் முதலில் அந்தத் தோட்டாவைப் பிடுங்கினார். பிறகு பெட்டியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

இஸ்மாயில் காதடைப்பைக் கழற்றினார். "மாமே! நீயா? இன்னாடா இது, கல்யாண வூட்டுல பந்தியில இருந்து இலைய உருவற மாதிரி? போல்ட்டு மாட்டிக்கிச்சு, துரு போல. நாலு போட்டேன், நாலும் மேல மேல போவுது. காத்துன்னு நெனச்சு கீழ எறக்கி வெச்சேன்."

"காத்து இல்ல பாய்."

"தோளும் செம இடி. வயசாயிப் போச்சுன்னு நெனச்சிகினேன்."

"வயசும் இல்ல."

பக்தவத்சலம் வந்து நின்றார். படுத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் சார். நான் நிரப்பின தோட்டா. மருந்து போகப் போகக் கூடிப் போச்சு. என் தராசு தப்பு."

அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு சமயம் அவர் நிரப்பியதைச் சுட்டவர்கள்.

"உங்க தராசா?" என்றார் பக்தவத்சலம். நம்பாத குரலில் அல்ல. கேட்டது காதில் சரியாக விழவில்லை என்பதுபோல.

"ஆமாம் சார்."

இஸ்மாயில்தான் முதலில் சுதாரித்தார். "சரி, ஆனது ஆச்சு. மொத வரிசை நல்லாத்தானே இருக்கும்? கடைசியிலதானே கெட்டிருக்கும்? மொத வரிசைய குடு. அடுத்தாப்ல சுடற டில்லிபாபு ரைஃபிள வாங்கி மிச்சத்த சுட்டு முடிச்சிடறேன். நாலு போனா போவட்டும், இன்னும் மெடலுக்கு எடம் கீது."

"வேணாம் பாய்."

"எந்த வரிசை வரைக்கும் சரின்னு சொல்லேன். உனக்குத் தெரியாததா?"

எல்லோரும் ஜெகதீசனைப் பார்த்தார்கள். பெட்டியைத் திறந்து, முதல் வரிசையைப் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோல மின்னின. எது உண்மை, எது பொய் என்று சொல்ல முடியாது. கூடுகளிலேயே எடை வித்தியாசம் இருக்கும். தோட்டாவை முழுசாக எடை போட்டும் கண்டுபிடிக்க முடியாது. இவ்வளவு வருஷம் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் பார்த்துச் சரி, தப்பு என்று சொன்ன மனிதர்.

"தெரியாது" என்றார்.

"ஒரு அஞ்சு?"

"ஒண்ணுகூடத் தெரியாது பாய். நான் தரமாட்டேன்."

இஸ்மாயில் அவரையே பார்த்தார். பிறகு காதடைப்பைப் பையில் போட்டார்.

பக்தவத்சலம் ரைஃபிளைத் தனியே எடுத்துப் போய், மரச் சுத்தியால் பக்குவமாகத் தட்டி போல்ட்டைத் திறந்தார். கூடு வெளியே வந்து விழுந்தது. அடிப்பாகம் அமுங்கிக் கேப்பைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம். அந்த வழியே புகை பின்னால் கசிந்திருந்தது. பக்தவத்சலம் அதை ஜெகதீசனின் உள்ளங்கையில் வைத்தார். "இன்னும் ஒண்ணு ரெண்டு போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அங்கே வந்து நின்ற நாகவல்லியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கமிட்டியில பேச வேண்டியிருக்கும் சார். அதுவரைக்கும் நீங்க நிரப்ப வேணாம்."

"சரிங்க."

நாகவல்லி இஸ்மாயிலின் முகத்தைக் கையால் திருப்பிப் பார்த்தாள். இடது கன்னத்தில் லேசாகப் புகைக்கறை. முந்தானை இல்லாததால் துண்டின் நுனியால் துடைத்தாள். "வலிக்குதா அண்ணே?"

"கண்ணாடி போட்டிருந்தேன் தங்கச்சி, ஒண்ணும் இல்ல. உன் ஊட்டுக்காரன் கத்தின கத்துலதான் காது போச்சு."

இஸ்மாயில் பட்டாபிராமுக்குப் போகவில்லை. ஓர் ஆட்டோ பிடித்து இவர்கள் பின்னாலேயே வேப்பம்பட்டுக்கு வந்துவிட்டார். "நீ பிரிச்சுப் பார்க்கிறப்ப நானும் கூட இருப்பேன். எத்தினி தடவ நான் செத்துப் பொழச்சேன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

மத்தியானம் மாடி அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஜெகதீசன் தட்டைக் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி பூஜ்ஜியம் சரிசெய்து, பித்தளைத் துண்டை வைத்துத் தராசு உண்மை பேசுவதைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு முதல் வரிசையின் முதல் தோட்டாவிலிருந்து குண்டைக் கழற்றி மருந்தைத் தட்டில் கொட்டினார். கோல் நேராக நின்றது. இரண்டாவதும் நின்றது. இஸ்மாயில், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார். மூன்றாவது, நான்காவது ஏறக்குறைய சரி. அதற்கடுத்ததில் கோல் நிமிர்ந்தது. மிச்சத்தை எடுத்துத்தான் சரிசெய்ய முடிந்தது. அதற்கடுத்ததில் இன்னும் நிமிர்ந்தது. முதல் வரிசையே பாதிக்கு மேல் கெட்டிருந்தது.

"அப்ப அங்க நான் கேட்டப்ப மொத வரிசைய குடுத்திருந்தியானா..."

"சுட்டிருப்ப."

"ரைஃபிள் தாங்கியிருக்குமா?"

"தாங்கியிருக்கலாம். தெரியாது."

இஸ்மாயில் சிரித்தார். நாகவல்லி கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் குடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"போதும் மாமே. மூடி வை."

"எல்லாத்தையும் பார்த்துடறேன்."

ஜெகதீசன் அடுத்த வரிசைக்குப் போனார். அதற்கடுத்த வரிசைக்குப் போனார். ஒவ்வொன்றிலும் தட்டில் மிஞ்சியதை ஒரு கிண்ணத்தில் போட்டார். கிண்ணத்தில் கருப்பு மணிகள் ஏறிக்கொண்டே வந்தன. கடைசி வரிசையில் சுட்ட நான்கு இடங்களும் காலியாக இருந்தன. மீதியைப் பிரித்தபோது எடுக்க வேண்டியிருந்த கூடுதல் மருந்தைப் பார்த்து இஸ்மாயில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஜெகதீசன் கைகளை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இனிமே நான் போடல பாய். கமிட்டி சரின்னாலும் போடல."

"போடுவ."

"என்னால முடியாது."

"வேற எவன் போட்டாலும் எனக்கு பயமாத்தான் இருக்கும். நீ போட்டா, நீயும் என்னோட பயப்படுவ இல்ல." இஸ்மாயில் எழுந்து அவருடைய தோளைப் பிடித்தார். "கமிட்டி உட்டா நீதான் போட்டுக் குடுக்கற. ஆனா ஒண்ணு. மேட்சுக்கு நீயும் வந்து என் பக்கத்துப் பாயில படுத்துக்கற."

"நான் சுடமாட்டேனே."

"யாரு உன்ன சுடச் சொன்னது? மொத வெடிக்கு உன் கன்னத்த என் கன்னத்தோட வெச்சுக்கோ. போதும்."

கீழேயிருந்து நாகவல்லி சாப்பிடக் கூப்பிட்டாள். ஜெகதீசன் தராசின் கோலை விரலால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார்.

"வர்றேன்" என்றார், இஸ்மாயிலைப் பார்த்து.